மடி உதறாத வெள்ளிக்கிழமை

விழுப்புரம்,
3.6.2024

சங்கத்தின் தலைவி அம்சா அவர்களுக்கு,

முன்னாள் செயலாளர் அன்புச்செல்வி எழுதுவது. போனில் கேட்டிருக்கலாம். போனில் கேட்டால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், கடைசியில் இரண்டு பேருக்கும் பிரஷர் மாத்திரைதான் மிச்சம். அதனால் நம் விதிப்படியே வருகிறேன். புகார் எழுத்தில் வர வேண்டும், பதில் ஏழு நாளுக்குள் எழுத்தில் போக வேண்டும். மில் நிர்வாகத்துக்காக நாம் வைத்த விதி இது. உன்மேல் எடுக்க வேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

நேற்று என் தங்கை மகள் புனிதாவின் வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. திண்டிவனத்தில் இறங்கி, செஞ்சி ரோட்டு டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் "சங்கம் எறங்கு, சங்கம்! ஜல்தி, ஜல்தி!" என்று குரல் கொடுத்தார். நான் எழுந்து இறங்கிவிட்டேன். புனிதா வீட்டுக்கு இன்னும் இரண்டு ஸ்டாப் போக வேண்டும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் கால் தானாக இறங்கிவிட்டது.

இறங்கிப் பார்த்தால் சங்கம் இல்லை.

ஓட்டுக் கட்டடம் இல்லை, இரண்டு சன்னல் இல்லை, காவி அடித்த வாசற்படி இல்லை. ஜல்லி கொட்டிக் கிடக்கிறது. ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோடு நம் ஹாலின் நடுவே போகிறது. டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "அதுவாம்மா? போன வருசமே எடுத்துட்டாங்களே. தலைவியம்மாதான் கையெழுத்து போட்டுக் குடுத்தாங்க. அவங்க போடலன்னா கேஸு அது இதுன்னு இன்னும் இழுத்துக்கினு கெடந்திருக்கும்" என்றார். உன்னைப் புகழ்ந்துதான் சொன்னார்.

அந்தக் கட்டடத்துக்கு மண் மிதித்தது யார்? மல்லாட்டை மில்லில் ஆறு நாள் வேர்க்கடலைப் பருப்பு பொறுக்கிவிட்டு, ஏழாவது நாள் செங்கல் சுமந்தது யார்? அறுபத்திரண்டு பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள் பதினெட்டுப் பேர், ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். சொந்தமாய் ஒரு சென்ட் நிலம் இல்லாத ஜனங்கள் கட்டிய சொந்தக் கட்டடம். அதை இடிக்கச் சொல்லி நீ தனியாய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பொதுக்குழு கூட்டினாயா? எனக்கு ஒரு வரி எழுதினாயா?

பதில் வேண்டும். ஏழு நாள்.

இப்படிக்கு,
அன்புச்செல்வி


திண்டிவனம்,
9.6.2024

மேன்மை பொருந்திய முன்னாள் செயலாளர் அவர்களுக்கு,

ஆறாவது நாளில் பதில் எழுதுகிறேன், குறித்துக்கொள். ஏழு நாள் விதி இவ்வளவு ஞாபகம் இருக்கிறவளுக்கு, ஏழு வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லையே. மகனுக்கு விழுப்புரத்தில் வேலை கிடைத்தது, நீயும் போனாய். போனவள் போனவள்தான். எவளாவது செத்தாளா, அம்சா செத்தாளா என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

கையெழுத்துப் போட்டேன். ஆமாம். நான்தான் போட்டேன். அந்தக் கட்டடத்திலேயே கற்றுக்கொண்ட கையெழுத்து.

ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். எதிர்ப்பக்கம் சக்கரபாணியின் கல்யாண மண்டபம், இந்தப் பக்கம் நம் ஓட்டு வீடு. எந்தப் பக்கம் அகலமாகும்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. நிலம் புறம்போக்கு என்பது உனக்கே தெரியும். ஆனாலும் வந்த அதிகாரி நல்ல மனுஷன். "பழைய கட்டடம்னா காப்பாத்த வழி இருக்கும்மா. கல்வெட்டு எங்க இருக்கு? யார் தெறந்து வெச்சது? தேதி போட்ட ஒரு கல்லு இருந்தா காட்டுங்க" என்று நாலு சுவரையும் தடவித் தடவிப் பார்த்தான். என்னத்தைக் காட்டுவேன்? நம் கட்டடத்தில் ஒரு செங்கல்லில்கூட எழுத்து கிடையாது. யார் பெயரும் வேண்டாம் என்று நாம்தானே முடிவு செய்தோம்.

பொதுக்குழு கூட்டினேன். மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்களுக்கு மூட்டு வலி, கண் வலி, பேரன் வலி. தீர்மானம் போட ஆள் போதவில்லை, கோரம் இல்லை. உனக்கு எழுதவில்லை, அது என் தப்பு. எழுதப் பயந்தேன். நீ இப்படித்தான் எழுதுவாய் என்று தெரியும்.

கையெழுத்துப் போடும்போது ஒன்றே ஒன்று கேட்டேன். மெஷின் வருவதற்கு முந்தின நாள் சாவி எங்களிடம் இருக்க வேண்டும் என்று. ஒன்பது பேர் போனோம். ஒட்டடை அடித்தோம், பெருக்கினோம், தரையைக் கழுவி விட்டோம். வாசலில் கோலம் போட்டோம். மெஷின் டிரைவர் மறுநாள் வந்து பார்த்துவிட்டு, "இடிக்கப்போற கட்டடத்த எதுக்கும்மா கழுவிக்கினு இருந்தீங்க?" என்றான். சவுரியம்மாள்தான் பதில் சொன்னாள்: "குப்பையோட குடுக்குறதுக்கு இது என்னா மில்லு மொதலாளி கட்டுனதா?" எண்பது வயசு, காது கேட்காது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கட்டடம் போய்விட்டது, ஸ்டாப்பின் பெயர் மட்டும் இருக்கிறது. அந்த இடத்தில் புதுசாக நிழற்குடை வருகிறது. சக்கரபாணி செலவை ஏற்கிறார், அதனால் ஸ்டாப்புக்கு அவருடைய மண்டபத்தின் பெயர் வேண்டும் என்கிறார். நான் ஆட்சேபணை மனு கொடுத்துவிட்டேன். ஜூலை பத்தாம் தேதி நகராட்சி ஆபீஸில் விசாரணை. "இல்லாத கட்டடத்தோட பேர எப்படிம்மா வெக்கறது? ஒரு தலைவர் பேர் இருந்தா சொல்லுங்க, நினைவு நிறுத்தம்னு போடலாம். இல்ல, சங்கம் இருந்ததுக்கு ஆதாரம் கொண்டாங்க" என்கிறார்கள்.

ஆதாரம் உன்னிடம்தான் இருக்கிறது. தீர்மானப் புத்தகம் நாலும் உன் டிரங்குப் பெட்டியில். மில் மூடிய வருஷம் கூரை ஒழுகுகிறது என்று நீ எடுத்துப்போனது. அனுப்பி வை. அந்தப் பெயரும் போய்விட்டால் நாம் இருந்ததாகவே ஊர் நினைக்காது அன்பு.

அம்சா


விழுப்புரம்,
14.6.2024

அம்சாவுக்கு,

கட்டடத்தைக் கழுவிவிட்ட கதையைப் படித்தேன். அந்த ஒன்பது பேரில் நான் இல்லை. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோபம் போகவில்லை.

யார் பெயரும் வேண்டாம் என்று "நாம்" முடிவு செய்தோம் என்று எழுதியிருக்கிறாய். நாம் இல்லை. நீ. சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே அதைக் கொண்டுவந்தது நீ என்று எனக்கு முன்னால் செயலாளராக இருந்த துரைக்கண்ணு அண்ணன் சாகும்முன் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதனால்தான் தீர்மானப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் "ஓர் உறுப்பினர் சொன்னார், ஓர் உறுப்பினர் ஆமோதித்தார்" என்று எழுதி எழுதி என் கை தேய்ந்தது. அதனால்தான் கட்டடத்தில் கல் பதிக்கவில்லை. ஊரில் பத்துக்குப் பத்து ரேஷன் கடைக்குக்கூட இரண்டு பக்கமும் கல்வெட்டு. நமக்கு மட்டும் வீம்பு. ஒரே ஒரு கல் இருந்திருந்தால் அந்த அதிகாரி மெஷினைத் திருப்பி அனுப்பியிருப்பான். கட்டடத்தை இடித்தது ரோடு இல்லை அம்சா, உன் தீர்மானம்.

இப்போதாவது வீம்பை விடு. மனுவோடு ஒரு வரலாறு இணைக்க வேண்டும். நான் எழுதித் தருகிறேன், இப்படி:

"1983 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. மல்லாட்டை மில்லில் வேலை முடிந்ததும் பெண்கள் வரிசையில் நின்று, காவலாளிக்கும் மேஸ்திரிக்கும் முன்னால் முந்தானையையும் கொசுவத்தையும் பிரித்து உதறிக் காட்ட வேண்டும். பருப்பு திருடவில்லை என்று நிரூபிக்க. இதற்கு மடி உதறுவது என்று பெயர். பதினொரு வருஷமாக நடந்தது. அன்றைக்கு ஏழு மாதக் கர்ப்பிணியான சவுரியம்மாளை இரண்டாவது தரம் உதறச் சொன்னார் மேஸ்திரி. வரிசையில் இருந்த ஒரு பெண் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். 'இனிமே ஒருத்தியும் உதற மாட்டோம், வெளியவும் போக மாட்டோம்' என்றாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். திங்கட்கிழமை காலை முதலாளி வந்து கை கூப்பும்வரை எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் எந்த மில்லிலும் மடி உதறச் சொல்லவில்லை."

அந்த ஒரு பெண்ணின் பெயர் அம்சா. அதை எழுது. தலைவர் பெயர்தானே கேட்கிறார்கள்? உன் பெயரையே வைக்கட்டும். அம்சா ஸ்டாப். கண்டக்டர் உன்னைக் கூவி இறக்கட்டும்.

அதை எழுதுகிறேன் என்று சொல், புத்தகங்களை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.

அன்புச்செல்வி


திண்டிவனம்,
20.6.2024

அன்புக்கு,

வரலாறு நன்றாக எழுதியிருக்கிறாய். படித்துக் காட்டினேன். சவுரியம்மாள் காதருகே என் மகள் கவிதா கத்திக் கத்திச் சொன்னாள். கேட்டுவிட்டு, "ரெண்டு தரம் இல்ல, மூணு தரம் ஒதறச் சொன்னான் அந்தப் பேமானி" என்றாள். திருத்திக்கொள்.

கடைசிப் பத்தியை அடித்துவிட்டேன். என் பெயர் வராது.

அம்சா ஸ்டாப்பாம். நான் என்ன செத்தா போய்விட்டேன்? நாளைக்கே அந்த ஸ்டாப்பில் எவனாவது வெற்றிலை எச்சில் துப்பினால் என் பெயர்மேல் துப்பியதாகும். போதாதா? கவிதா மட்டும் "வெச்சாதான் வெக்கட்டுமேம்மா, நான் கடைக்குப் போவறப்ப பெருமையா எறங்குவேன்" என்கிறாள். அவளுக்கு அவள் ஆசை.

கட்டடத்தை இடித்தது என் தீர்மானம் என்று எழுதியிருக்கிறாய். சரி. அந்தப் பழியை நான் வைத்துக்கொள்கிறேன், எனக்கு ஒன்றும் கனக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்மானத்தைக் கிளறாதே. அது எதற்கு வந்தது, யார் சொன்னது, இதெல்லாம் உனக்கு வேண்டாம். நாற்பது வருஷம் நன்றாகத்தானே இருந்தோம்.

உயிரோடு இருக்கிறவர்கள் பதினாலு பேர். பெயர் பெயராகத் தேடிப் பிடித்திருக்கிறேன். கோட்டக்குப்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறவள்கூட வருகிறேன் என்றாள். நீ பதினைந்து. மூட்டு ஒத்துழைத்திருந்தால் நானே விழுப்புரம் வந்து உன் பெட்டியை உடைத்திருப்பேன். தபாலில் அனுப்பு, இல்லையென்றால் யாரிடமாவது கொடுத்து அனுப்பு. நிபந்தனை போடாதே. நிபந்தனை மில்காரனுக்குத்தான், நமக்குள் கிடையாது.

அம்சா


விழுப்புரம்,
27.6.2024

அம்சா,

தபாலில் அனுப்புவதற்காகத்தான் பெட்டியைத் திறந்தேன். நாலு புத்தகத்தையும் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி முடிச்சுப் போடப் போனேன். போடவில்லை. முதல் புத்தகத்தைத் திறந்தேன்.

நம்ப மாட்டாய். நான் செயலாளரானது 87-இல். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது புத்தகம் எல்லாம் என் கையெழுத்து. ஆனால் துரைக்கண்ணு அண்ணன் எழுதிய முதல் புத்தகத்தை இந்த முப்பத்தேழு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. என் வீட்டில் என் பெட்டியிலேயே இருந்தது. திறக்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். நாம் இரண்டு பேரும் இதுவரை பேசாத விஷயம் அது. இன்றைக்கு எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் வரிசையில் ஒன்பதாவது. எனக்கு முன்னால் எட்டுப் பேர் உதறிவிட்டு கேட் பக்கம் போய் நின்றார்கள். நானும் உதறினேன். பத்தாவது சவுரியம்மாள். நீ உட்கார்ந்ததும் அந்த எட்டுப் பேரும் திரும்பி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் வெளியே போனேன். என் மகன் சித்தார்த்தனுக்கு இரண்டு வயசு, மூன்று நாளாகக் காய்ச்சல். அது நிஜம். ஆனால் காய்ச்சலுக்காக மட்டும் போகவில்லை. பயந்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். அதுவும் நிஜம். திங்கட்கிழமை நீங்கள் ஜெயித்த பிறகு எட்டு மணிக்கு வேலைக்கு வந்தேன். ஒருத்தியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ தள்ளி உட்கார்ந்து உன் முறத்துக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்தாய்.

அந்தப் புத்தகத்தில் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்குமோ என்றுதான் திறக்கவில்லை. இப்போது அதில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

"27.2.83 ஞாயிறு. மூன்றாம் தீர்மானம். வெள்ளிக்கிழமை முதலில் உட்கார்ந்தது யார் என்று யாரும் சொல்லக் கூடாது. வெளியே போனது யார் என்றும் யாரும் சொல்லக் கூடாது. இன்றைக்கும் என்றைக்கும். ஓர் உறுப்பினர் சொன்னார். முதலில் உட்கார்ந்தவர் பெயர் இருக்கட்டுமே என்று இன்னொருவர் கேட்டார். அதற்கு அந்த உறுப்பினர், முதல் பெயர் எழுதினால் கடைசிப் பெயரும் எழுத வேண்டி வரும், எழுதினால் அவள் நாளைக்கு நம் முகத்தில் விழிக்க மாட்டாள், நமக்கு ஆள் குறையக் கூடாது என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள்."

அந்த முதல் கூட்டத்துக்கு நான் வரவில்லை. இத்தனை வருஷமாக அந்தத் தீர்மானத்தின் பாதியைத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். நிர்வாகம் தலைவர்களைப் பொறுக்கி எடுக்கக் கூடாது என்பதற்காகப் பெயர் போடவில்லை என்றுதான் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். எழுபத்தொன்பது பேரும் சேர்ந்து என்னிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

உன் பெயர் கல்லில் ஏறாதது எனக்காக. கல் இல்லாததால் கட்டடம் போயிற்று. அப்படியானால் கட்டடம் போனதும் என்னால். உன்மேல் புகார் எழுதியவள் நான். என்னை என்ன செய்யலாம், சொல்.

பத்தாம் தேதி வருகிறேன். புத்தகங்களோடு. சாட்சி சொல்வேன்.

அன்பு


திண்டிவனம்,
2.7.2024

அடியே அன்பு,

உன்னை என்ன செய்யலாமா? நாலு அறை விடலாம். மூட்டு வலி இருக்கிறது, அதனால் தப்பித்தாய்.

எல்லாமே உனக்காக என்று நினைத்துக்கொண்டு ஆகாசத்தில் ஏறாதே. உனக்கு அவ்வளவு பெரிய இடம் நான் கொடுக்கவில்லை. சனிக்கிழமை உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே என் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள், "அன்பு ஏன் வரல?" என்று. அதற்குள் இன்னொருத்தி, "அவளும் ஒரு பொம்பளையா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பேச்சு நாளைக்கு நிற்காது. இன்றைக்கு அன்பு, நாளைக்கு முதலில் எழுந்து ஒன்றுக்குப் போனவள், நாளன்றைக்கு அழுதவள். உட்கார்ந்தவர்களிலும் பாதிப்பேர் என்னைவிட அதிகமாகப் பயந்தவர்கள். நான் மட்டும் என்ன? தைரியத்திலா உட்கார்ந்தேன்? கால் நடுங்கியது, நிற்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் வாய் வந்தது. இதை இன்றைக்கு வரைக்கும் ஒருத்திக்கும் சொன்னதில்லை, உனக்குச் சொல்கிறேன்.

முதல் ஆள் யார் என்று தெரியாததால் நிர்வாகத்துக்கு உடைக்க ஆள் கிடைக்கவில்லை. கடைசி ஆள் யார் என்று பேசாததால் நாமும் உடையவில்லை. பதிமூன்று வருஷம், மில் மூடுகிற வரைக்கும், ஒருத்தியும் சங்கத்தை விட்டுப் போகவில்லை. எந்தப் பெரிய யூனியன் இதைச் சொல்ல முடியும்? கல் இல்லாததால் கட்டடம் போயிற்று என்கிறாய். அந்தக் கல் இருந்திருந்தால் கட்டடமே வந்திருக்காது.

அதனால் என் வருத்தம் எல்லாம் ரோட்டின்மேல்தான். உன்மேல் ஒன்றும் இல்லை.

பத்தாம் தேதி வா. புத்தகத்தைக் கொடு. வாயைத் திறக்காதே. "இன்றைக்கும் என்றைக்கும்" என்று எழுதியிருப்பதை நீயே படித்தாய். தீர்மானம் உன்னையும் கட்டும்.

அம்சா


திண்டிவனம்,
21.7.2024

அன்புச்செல்விக்கு,

சொன்ன பேச்சைக் கேட்க மாட்டாய் என்று தெரியும். ஆனால் பேசி முடித்ததும் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறிப்போவாய் என்று தெரியாது. நான் படி இறங்குவதற்குள் காணவில்லை. பதினாலு கிழவிகள் நகராட்சி ஆபீஸ் வாசலில் உன்னைத் தேடிக்கொண்டு நின்றோம். போன் பண்ணினால் எடுக்கவில்லை. வெட்கமா, கோபமா? இரண்டுக்கும் இனி வேலை இல்லை.

முந்தாநாள் உத்தரவு வந்துவிட்டது. ஸ்டாப்பின் பெயர் சங்கம். பெரிய எழுத்தில் அது மட்டும்தான். கீழே சின்னதாக, நிழற்குடை உபயம் சக்கரபாணி. அவரும் நல்லவிதமாகத்தான் பேசினார். "பேரு என்னாவா இருந்தா என்னாம்மா, என் மண்டபத்துக்கு ஜனம் எறங்குனா சரி. அந்தம்மா பேசுனதுக்கப்பறம் நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது?" என்றார்.

நேற்று பொதுக்குழு கூட்டினேன். பதினாலு பேரும் வந்தோம், கோரம் இருந்தது. செயலாளர் இடம் காலி, அதனால் நானே எழுதினேன். நாலாவது புத்தகத்தில் கடைசியில் மூன்று பக்கம் மிச்சம் விட்டிருந்தாய். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். எழுதியதைக் கீழே தருகிறேன். நீ பேசியபடி இருக்கிறதா என்று பார்த்துச் சொல். தப்பு இருந்தால் எழுத்தில் திருத்தம் அனுப்பு.

"20.7.2024 சனி. முதல் தீர்மானம். விசாரணையில் நடந்தது பதிவு செய்யப்படுகிறது. அதிகாரி புத்தகங்களைப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் ஓர் உறுப்பினர், ஓர் உறுப்பினர் என்று இருக்கிறது, பேரே இல்லாத புத்தகத்தை எப்படி ஆதாரமாக எடுப்பது, வேறு யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமே என்றார். உள்ளே உட்கார்ந்தவர்களை விசாரித்தார். முதலில் யார் என்று கேட்டதற்கு ஒருவரும் சொல்லவில்லை. இப்படி இருந்தால் நான் என்ன செய்வது என்று பைலை மூடினார். அப்போது நம் உறுப்பினர் எழுந்தார். தலைவி சேலையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. அவர் சொன்னது:

'நான் அன்னிக்கு உள்ள இல்லிங்க. மடிய ஒதறிட்டு வெளிய வந்துட்டேன். ஒக்காராதவ நான் ஒருத்திதான். பயந்துக்கினு போனேன். ஆனா வீட்டுக்குப் போவல. ரோட்டுக்கு அந்தாண்ட நின்னுக்கினு கேட்டு கம்பி வழியா பாத்தேன். உள்ள இருந்தவங்களுக்குப் பக்கத்துல ஒக்காந்தவ மூஞ்சிதான் தெரியும். அறுவத்தொரு பேரையும் ஒண்ணா பாத்த ஆளு நான் ஒருத்திதாங்க. எண்ணிப் பாத்தேன். திரும்பத் திரும்ப எண்ணிப் பாத்தேன். அறுவத்தொண்ணு. ஒருத்திகூட முந்தானைய அவுக்கல. நான் பாத்தேன்னு சொல்றதுக்கு எனக்கு நாப்பது வருசம் ஆச்சு. பேரு வேணும்னா என் பேர எழுதிக்கங்க. போனவ இன்னாருன்னு எழுதுங்க. நாங்க ஜெயிச்சோம்னு எவ வேணும்னாலும் சொல்லுவா, நான் ஓடிப்போனேன்னு எவளாவது பொய் சொல்லுவாளா?'

அதிகாரி பைலைத் திறந்தார்."

இது வரைக்கும் எழுதிவிட்டுப் படித்துக் காட்டினேன். பிறகு இரண்டாம் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தது நான் இல்லை, சத்தியமாக. சவுரியம்மாள். காது கேட்காதவள் விசாரணையில் என்னத்தைக் கேட்டாளோ, எழுந்து நின்று கத்தினாள்: "ஓர் உறுப்பினராம்! அவ பேர எழுதுங்கடி!" விதி என்று ஒன்று இருக்கிறதே என்றேன். "நாம வெச்ச விதிதான, நாமே தூக்குவோம்" என்றாள். பதினாலு கையும் மேலே போனது. நான் எழுதியதைப் பார்:

"இரண்டாம் தீர்மானம். முதல் தீர்மானத்தில் உறுப்பினர் என்று வரும் இடத்தில் அன்புச்செல்வி என்று எழுத வேண்டும். இது ஏகமனதாக நிறைவேறியது."

நாலு புத்தகம், நாற்பத்தொரு வருஷம். நம் சங்கத்துத் தீர்மானத்தில் ஏறிய ஒரே பெயர் உன் பெயர். எழுதும்போது அழுதேன் என்று வைத்துக்கொள்.

அம்சா


விழுப்புரம்,
26.7.2024

அம்சா,

ஐந்தாவது நாளில் பதில்.

உன் கடிதத்தை சித்தார்த்தனிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அந்தக் காய்ச்சலைப் பற்றி நாற்பத்தொரு வருஷமாக அவனிடம் நான் வாய் திறந்ததில்லை. தன்னால்தான் அம்மா வெளியே வந்தாள் என்று அவன் சுமக்கக் கூடாது என்று நினைத்தேன். படித்துக்கொண்டே வந்தவன் என் பெயர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டான். "இது நீயாம்மா?" என்றான். ஆமாம் என்றேன். இன்னொரு தரம் படித்தான். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் படித்துக் காட்டினான்.

திருத்தம் ஒன்று எழுதத்தான் உட்கார்ந்தேன். என் பெயரை எடுத்துவிடு, ஓர் உறுப்பினர் என்றே இருக்கட்டும் என்று. இரண்டு தாள் கிழித்தேன். மூன்றாவது தாள் இது.

நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. பெயர் இருக்கட்டும்.

உன்
அன்புச்செல்வி